பிரஷர் ஆராய்ச்சிக்கு எந்தச் சுண்டெலி?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆய்வகத்தில் எலி என்றால் இரண்டு பிராணிகள். ஒன்று 25 கிராம் எடையுள்ள சுண்டெலி. இன்னொன்று அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் எடையுள்ள பெரிய எலி. ரத்த அழுத்த ஆராய்ச்சி வெகுகாலம் பெரிய எலியின் ராஜ்ஜியமாகத்தான் இருந்தது. 1963இல் கியோட்டோவில் ஒகாமோட்டோவும் ஆவோக்கியும், பிரஷர் அதிகமுள்ள எலிகளையே திரும்பத் திரும்ப இணைசேர்த்து, தானாகவே பிரஷர் ஏறும் ஓர் இனத்தை உண்டாக்கினார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவில் லூயிஸ் டால், உப்பைத் தின்றால் பிரஷர் ஏறும் எலிகளையும் ஏறாத எலிகளையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்தார். அருமையான எலிகள்தான். ஆனால் எந்த மரபணுவால் ஏறியது என்று மட்டும் அவற்றிடம் கேட்க முடியாது. பல மரபணுக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்.

சுண்டெலி அந்த இடத்தில்தான் உள்ளே வந்தது. கருவின் மூலச் செல்லில் குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் மாற்றி, அதிலிருந்து முழு எலியை வளர்க்கும் வித்தை முதலில் கைகூடியது சுண்டெலியில். அந்த வேலைக்காகத்தான் கபேக்கி, எவன்ஸ், ஸ்மித்திஸ் மூவருக்கும் 2007இல் நோபல் கிடைத்தது. இந்தக் கட்டுரையில் இனி எலி என்று எழுதினால் அது சுண்டெலி.

இதை எழுத வைத்தது ஜூனியர் மாணவி ஒருத்தியின் கேள்வி. "அண்ணா, பிரஷருக்கு நல்ல எலி எது? ஆர்டர் போடணும்." சிறுநீரகத்தில் உப்பைத் திரும்ப உறிஞ்சும் குழல்களில் வேலை செய்யும் ஒரு மரபணுவைப் பிடித்து வைத்திருந்தாள். கையில் இருப்பது மூன்று வருடம். இப்படிக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. பிரஷர் ஏறியபின் என்ன ஆகிறது என்று பார்க்கப் போகிறாயா, பிரஷர் ஏன் ஏறுகிறது என்று பார்க்கப் போகிறாயா என்று திருப்பிக் கேட்டேன்.

ஏறியபின் இதயமும் சிறுநீரகமும் மூளையின் ரத்தக் குழாய்களும் என்ன பாடுபடுகின்றன என்பதுதான் கேள்வி என்றால், மரபணு மாற்றிய எலியே தேவைப்படாமல் போகலாம். சாதாரண எலியின் முதுகுத் தோலுக்கடியில் மாத்திரை அளவு பம்ப் ஒன்றை வைத்து, ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோனைச் சொட்டுச் சொட்டாக இரண்டு வாரமோ நான்கு வாரமோ உள்ளே விட்டால் போதும், பிரஷர் ஏறிவிடும். ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டு, டோகா என்ற உப்பைத் தேக்கும் ஸ்டீராய்டையும் உப்புத் தண்ணீரையும் கொடுப்பது இன்னொரு வழி. இரண்டிலும் எப்போது ஏற வேண்டும் என்று நாள் குறிப்பது நீங்கள். ஏறுவதற்கு முந்தைய அளவும் அதே எலியிலேயே கிடைத்துவிடும். மரபணு மாற்றிய எலி பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருப்பதால், அதில் 'முன்பு' என்ற ஒன்று கிடையாது. விளைவைப் பார்க்க வருபவர்கள் பலர் இதை யோசிக்காமலே நாக்அவுட் எலிக்கு, அதாவது ஒரு மரபணுவை நீக்கிய எலிக்கு, ஓடுகிறார்கள்.

நடுவே இன்னொன்றையும் தொட்டுவிட்டுப் போகிறேன். அமெரிக்காவில் குந்தர் ஷ்லேகர், சுண்டெலியிலும் ஒகாமோட்டோ பாணியிலேயே உயர், சாதாரண, தாழ் அழுத்த இனங்களை உண்டாக்கியிருக்கிறார். உயர் அழுத்த இனத்தில் நரம்பு மண்டலத்தின் பங்கு பெரிது. நரம்பு வழிப் பிரஷர் உங்கள் விஷயம் என்றால் பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம், பெரிய எலியின் அதே சிக்கல் இதிலும் இருக்கிறது.

சரி, காரணம்தான் கேள்வி என்றால் என்னென்ன வழிகள்?

முழுக்க நீக்குவது

நாக்அவுட் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு மரபணுவை உடல் முழுக்க, கருவிலிருந்தே, இல்லாமல் செய்துவிடுவது. ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகின்றன. அதைத் தயாரிக்கும் ஈநாஸ் நொதி இல்லாத எலிக்குப் பிரஷர் ஏறுகிறது என்று 1995இல் ஒரு குழு காட்டியது. அடுத்த ஆண்டே இன்னொரு குழு தனியாக நாக்அவுட் செய்து பார்த்தும் அதே விடைதான். இரண்டு பேர் இரண்டு இடத்தில் செய்து ஒன்றே வந்தால் அந்த எலியை நம்பலாம். ஆனால் அதே எலிகளில் சிலவற்றுக்குப் பெருந்தமனி வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழ்தான் இருக்கும். கருவிலேயே இதயம் உருவாகும்போது அந்த வாயு தேவைப்படுகிறது என்பதால் வந்த கோளாறு. வளர்ந்த எலியில் நீங்கள் அளப்பது வாயு இல்லாததன் விளைவா, கோணலாக வளர்ந்த இதயத்தின் விளைவா என்ற சந்தேகம் கடைசிவரை கூடவே வரும்.

நாக்அவுட்டின் பலமும் பலவீனமும் ஒன்றாகத் தெரிய வேண்டுமென்றால் ஏஎன்பி கதையைப் பார்க்க வேண்டும். இதயத்தின் மேலறைகள் இழுபடும்போது சுரக்கும் ஹார்மோன் அது. உப்பையும் நீரையும் வெளியே தள்ளி, குழாயைத் தளர்த்தி, பிரஷரைக் குறைக்கும். 1995இல் இந்த ஹார்மோனை ஒரு குழு நீக்கியது, அதன் ஏற்பியை, அதாவது ஹார்மோனைப் பிடித்துச் செல்லுக்குச் சேதி சொல்லும் புரதத்தை, வேறொரு குழு நீக்கியது. ஒரே பாதையில் ஒரு படி முன், ஒரு படி பின். ஒரே மாதிரி எலிதானே வர வேண்டும்? வரவில்லை. ஹார்மோன் இல்லாத எலிக்குச் சாதாரணத் தீனியிலும் உப்பு கொஞ்சம் கூடிய தீனியிலும் பிரஷர் 8 முதல் 23 மி.மீ. (பாதரச அளவு) வரை கூடியிருந்தது. ஏற்பி இல்லாத எலிக்கும் பிரஷர் அதிகம்தான், ஆனால் தீனியில் உப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது அசையவில்லை. உப்பால் ஏறும் பிரஷரைப் படிக்க வந்தவர் இரண்டாவது எலியை வாங்கியிருந்தால் வருடக் கணக்கில் வீண்.

அந்த ஏற்பி எலியில் இன்னொரு பொறி உண்டு. அதன் இதயம் பெருத்துக்கொண்டே போகும். 1997இல் வெளியான ஆய்வில் ஆண் எலிகள் அத்தனையும் ஆறு மாதத்துக்குள் திடீரென்று செத்துப்போயின. சிலவற்றில் இதயம் செயலிழந்திருந்தது, சிலவற்றில் பெருந்தமனி கிழிந்திருந்தது. பெண் எலிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. பிரஷர் தாங்காமல் இதயம் வீங்கியது என்று முடிவு கட்டத்தான் தோன்றும். ஆனால் மருந்து கொடுத்துப் பிரஷரைக் குறைத்துப் பார்த்தபோதும் இதயம் பெரிதாகவே இருந்தது. அந்த ஏற்பி இதயத் தசையிலேயே ஒரு பிரேக் போல நேரடியாக வேலை செய்கிறது. 'உயர் அழுத்தத்தால் வரும் இதய வீக்கத்துக்கு மாதிரி' என்று இதை யாராவது பரிந்துரைத்தால் தலையாட்டிவிடாதீர்கள்.

அந்த ஹார்மோன் ஆய்வில் எனக்குப் பிடித்த எலி எது தெரியுமா? முழு நாக்அவுட் இல்லை. அந்த மரபணுவுக்கு வழக்கமாக உள்ள இரண்டு பிரதிகளில் ஒன்று போய் ஒன்று மீதமிருந்த எலி. சாதாரணத் தீனியில் அதன் ரத்தத்தில் ஹார்மோன் அளவும் சரி, பிரஷரும் சரி, யாரும் குறை சொல்ல முடியாதபடி இருந்தன. 8 சதவீத உப்புத் தீனி கொடுத்ததும் பிரஷர் 27 மி.மீ. எகிறியது. மனிதர்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த மாதிரி ஆளைத்தான். ஒரு மரபணு அடியோடு இல்லாத மனிதர் அபூர்வம். கொஞ்சம் குறைவாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ உள்ளவர்கள்தான் ஊரெல்லாம்.

கூட்டிக் குறைத்துப் பார்ப்பது

ஆலிவர் ஸ்மித்திஸ் பிடித்த இழை இதுதான். 1992இல் மனிதர்களிடம் ஒரு தொடர்பு தெரியவந்தது. ஆஞ்சியோடென்சின் 2 உருவாகும் மூலப் புரதம் ஆஞ்சியோடென்சினோஜன். அதன் மரபணுவின் ஒரு வகை உள்ளவர்களுக்கு அந்தப் புரதம் ரத்தத்தில் சற்றே கூடுதல், உயர் அழுத்தமும் அவர்களிடம் அதிகம் காணப்பட்டது. ஆனால் தொடர்பு இருப்பதால் அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. அந்தச் சிறு கூடுதல் பிரஷரை ஏற்றுமா? இதற்கு நாக்அவுட்டால் பதில் சொல்ல முடியாது. ஸ்மித்திஸும் ஹியுங்-சுக் கிம்மும் மரபணுவை நீக்கியதோடு நிற்காமல், அதே இடத்தில், அதன் சொந்தக் கட்டுப்பாட்டுப் பகுதிகளோடு சேர்த்து இரட்டிப்பாக்கினார்கள். நீக்கிய எலியையும் இரட்டித்த எலியையும் சாதாரண எலியையும் கலந்தால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு பிரதிகள் கொண்ட எலிகள் கிடைத்துவிடும்.

ரத்தத்தில் புரதத்தின் அளவு சாதாரணத்தை 100 என்று வைத்தால், ஒரு பிரதிக்கு 35, மூன்றுக்கு 124, நான்குக்கு 145. பிரஷர் ஒவ்வொரு பிரதிக்கும் சுமார் 8 மி.மீ. வீதம் படிப்படியாக ஏறியது. 1995இல் வந்த இந்த முடிவில் யாரும் வாயைப் பிளக்கும்படியான எண் எதுவும் இல்லை. ஆனால் காரணம் என்று அடித்துச் சொல்ல இதைவிட நேரான வழி கிடையாது. மருந்தை ஒரு மடங்கு, இரண்டு மடங்கு என்று கூட்டிப் பார்ப்பதுபோல மரபணுவையே கூட்டிப் பார்த்துவிட்டார்கள்.

அதே பாணியில் ஏசிஈ மரபணுவையும் ஒன்று முதல் மூன்று பிரதிகள் வரை மாற்றினார்கள். ஆஞ்சியோடென்சின் 2ஐ உருவாக்கும் நொதி ஏசிஈ, பிரஷருக்கு நாம் மாத்திரை போட்டுத் தடுக்கும் அதே நொதிதான். பிரஷர் இம்மியும் மாறவில்லை. மருந்துக்கு நல்ல இலக்காக இருப்பது வேறு, அளவு கொஞ்சம் மாறினாலே பிரஷரை மாற்றுவது வேறு என்று இந்த இரண்டு ஆய்வையும் பக்கத்தில் வைத்தால்தான் புரிகிறது. முழு நாக்அவுட்டை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு மரபணுவும் ஒன்றுபோலத்தான் தோன்றியிருக்கும். எதை நீக்கினாலும் பிரஷர் தாழ்ந்துவிடும்.

குறை என்ன? வித்தியாசம் சிறியது, அதனால் எலி நிறைய வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே கூட்டத்து எலிகளுக்குள் பிரஷர் அளவீட்டின் திட்ட விலக்கம் 10 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 8 மி.மீ. வித்தியாசத்தை வழக்கமான நம்பகத்தோடு பிடிக்க ஒரு குழுவுக்கு 25 எலி வேண்டும். விலக்கம் 5 ஆகக் குறைந்தால் ஆறேழு எலியில் முடிந்துவிடும். அளக்கும் முறையைப் பற்றிப் பிறகு சொல்லும்போது இந்த 25ஐயும் 7ஐயும் ஞாபகம் வைத்திருங்கள்.

மனித மரபணுவை உள்ளே வைப்பது

இது ஒரு விசித்திரமான ஜோடி. ரெனின் என்ற நொதி ஆஞ்சியோடென்சினோஜனை வெட்டுவதில்தான் ஆஞ்சியோடென்சின் உருவாகத் தொடங்குகிறது. ஆனால் மனித ரெனின் எலியின் ஆஞ்சியோடென்சினோஜனை வெட்டாது. எலியின் ரெனினும் மனிதப் புரதத்தைக் கண்டுகொள்ளாது. பூட்டும் சாவியும் வேறு வேறு. அதனால் மனித ரெனின் மட்டும் புகுத்திய எலி சாதாரணமாக இருக்கும், மனித ஆஞ்சியோடென்சினோஜன் மட்டும் புகுத்தியதும் அப்படியே. இரண்டையும் இணைசேர்த்து இரண்டும் உள்ள குட்டி பிறந்தால் அதற்குப் பிரஷர் ஏறும். ஜப்பானில் சுகுபாவில் ஒரு குழுவும் அமெரிக்காவில் அயோவாவில் ஒரு குழுவும் 1990களில் இந்த எலிகளை வளர்த்தார்கள்.

இதில் ஒரு திருப்பம் உண்டு. மனித ஆஞ்சியோடென்சினோஜன் உள்ள பெண் எலியை மனித ரெனின் உள்ள ஆணோடு சேர்த்தார்கள். தாயிடம் பூட்டு மட்டும்தான், சாவி இல்லை. ஆனால் வயிற்றில் வளரும் குட்டியின் நஞ்சுக்கொடி தகப்பன் வழி மனித ரெனினைச் சுரந்து தாயின் ரத்தத்தில் விட்டது. கர்ப்பத்தின் கடைசி நாட்களில் தாய்க்குப் பிரஷர் எகிறியது, பிரசவம் ஆனதும் இறங்கியது. கர்ப்பகால உயர் அழுத்தத்துக்கு 1996இல் கிடைத்த இந்த மாதிரியை வேறு எந்த வழியிலும் இவ்வளவு சுத்தமாக உண்டாக்கியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

மனித ரெனினைக் குறிவைக்கும் மருந்தைச் சோதிப்பதானால் இந்த ஜோடி எலியிடம்தான் போக வேண்டும். சாதாரண எலியில் அந்த மருந்து சரியாக ஒட்டாது. மற்றபடி, மரபணுத் தொகுதியில் எங்கோ போய் உட்கார்ந்த டிரான்ஸ்ஜீன் (வெளியிலிருந்து புகுத்திய மரபணு) எத்தனை பிரதி, எந்தெந்த உறுப்பில் வேலை செய்கிறது என்பதெல்லாம் வரிசைக்கு வரிசை மாறும். ஒரே டிரான்ஸ்ஜீன் உள்ள இரண்டு வரிசைகளையாவது பார்க்காமல் முடிவு எழுதக் கூடாது. ஒன்றில் மனித ரெனின் ஒரு பிரதி, மற்றதில் மனித ஆஞ்சியோடென்சினோஜன் ஒரு பிரதி என்று உள்ள பெற்றோரைச் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டிதான் ஜோடி எலியாக இருக்கும், மீதி முக்கால்வாசி ஒப்பீட்டுக்கு மட்டும் பயன்படும் என்பதையும் கூண்டுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

அபூர்வ நோய்களின் எலிகள்

ரிச்சர்ட் லிஃப்டன் குழு, பரம்பரையாக உயர் அழுத்தம் வரும் குடும்பங்களைத் தேடித்தேடி மரபணுக்களைக் கண்டுபிடித்தது. லிடில் நோய்க்கு 1994இல், கோர்டன் நோய்க்கு 2001இல். கிடைத்தவை பெரும்பாலும் சிறுநீரகத்தில் சோடியத்தைத் திரும்ப எடுக்கும் வாசல்களைப் பற்றியவை. அதே பிழையை அதே எழுத்தில் எலிக்குள் எழுதினால் நோயாளியின் உடலில் நடப்பதை நெருக்கமாகப் பின்தொடரலாம்.

லிடில் எலியிடம் ஒரு பாடம் உண்டு. சாதாரணத் தீனியில் அதன் பிரஷர் சாதாரணம். அதை வாங்கி, வழக்கமான தீனி போட்டு, அளந்து, 'மாதிரி வேலை செய்யவில்லை' என்று ஒதுக்கிவிடுவது சுலபம். உப்பைக் கூட்டினால்தான் அது தன் குணத்தைக் காட்டும். உப்பு சம்பந்தப்பட்ட எந்த எலியையும் ஒரே தீனியில் மட்டும் பார்த்து விடைகொடுத்து அனுப்பாதீர்கள்.

ஓர் உறுப்பில் மட்டும் நீக்குவது

கேள்வி 'எந்த மரபணு' என்பதிலிருந்து 'எங்கே' என்பதற்கு நகர்ந்தால் க்ரீ-லாக்ஸ் வேண்டும். மரபணுவின் இருபுறமும் லாக்ஸ் என்ற அடையாளங்களை வைத்த எலியை, குறிப்பிட்ட செல்லில் மட்டும் க்ரீ நொதி சுரக்கும் எலியோடு சேர்த்தால், அந்தச் செல்லில் மட்டும் மரபணு வெட்டுப்பட்டுப் போகும்.

'எங்கே' என்ற கேள்வி எவ்வளவு முக்கியம் என்று காட்டியது க்ரீயே இல்லாத ஓர் ஆய்வு. ஆஞ்சியோடென்சின் ஏற்பி இல்லாத எலியின் சிறுநீரகத்தைச் சாதாரண எலிக்கும், சாதாரண எலியின் சிறுநீரகத்தை ஏற்பி இல்லாத எலிக்கும் மாற்றிப் பொருத்தினார்கள் டியூக் பல்கலைக்கழகத்து கிரவுலியும் காஃப்மனும். கடுகு அளவு ரத்தக் குழாய்களை நுண்ணோக்கியின் கீழ் தைத்துச் செய்த வேலை. பிறகு ஆஞ்சியோடென்சின் 2 செலுத்தியபோது, சிறுநீரகத்தில் ஏற்பி இருந்த எலிகளுக்குத்தான் பிரஷர் ஏறி நின்றது, இதயமும் பெருத்தது. உடம்பெல்லாம், இதயம் உட்பட, ஏற்பி இருந்தும் சிறுநீரகத்தில் இல்லாத எலிகள் தப்பித்தன. 2006இல் வந்தது இது. பிறகு க்ரீயை வைத்துச் சிறுநீரகக் குழலின் முதல் பகுதியில் மட்டும் ஏற்பியை நீக்கியே பிரஷரைக் குறைக்க முடிந்தது.

இந்த ஏற்பிக்கு எலியில் இரண்டு மரபணு, மனிதருக்கு ஒன்றுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எலியில் ஒன்றை நீக்கினால் மற்றது கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும்.

க்ரீ-லாக்ஸில் காசும் காலமும் கரையும். நம் ஆய்வகத்திலேயே வளர்க்கும்போதுதான் தெரியும் சங்கதிகளும் உண்டு. ரத்தக் குழாயின் மென்தசையில், ஒரு மருந்து கொடுத்த பிறகு மட்டும் வேலை செய்யும் க்ரீ எலி ஒன்று பரவலாகப் புழங்குகிறது. அந்த க்ரீ போய் உட்கார்ந்திருப்பது ஒய் குரோமோசோமில். ஆண் எலி மட்டும்தான் கிடைக்கும். பெண் எலிகளில் பார்ப்பதாகத் திட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்து இதைத் தெரிந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும். அப்புறம், லாக்ஸ் இல்லாத, க்ரீ மட்டும் உள்ள எலிகளையும் ஒப்பீட்டுக்கு அளக்க வேண்டும். க்ரீயே செல்லுக்குக் கெடுதல் செய்வதுண்டு.

மரபணுவைவிடப் பின்னணி

இந்த இடத்தில் மாணவி குறுக்கிட்டாள். "அப்போ எலி எந்த இனம்னு பார்க்கத் தேவையில்லையா?" தேவை. மரபணுவைத் தேர்வதைவிட அதிகமாகவே தேவை. ஆய்வகங்களின் செல்லப் பிள்ளை கறுப்பு பி6 எலி. அதற்கு ரெனின் மரபணு ஒன்று. பழைய நாக்அவுட்டுகளின் மூலச் செல்கள் பெரும்பாலும் வந்த 129 இனத்துக்கு ரெனின் மரபணு இரண்டு. டோகாவும் உப்பும் கொடுத்தால் 129 எலி கடுமையாகப் பாதிக்கப்படும், பி6 ஓரளவு தாக்குப்பிடிக்கும். இரண்டும் கலந்த எலியை நாக்அவுட் என்றும், கடையில் வாங்கிய சுத்த பி6 எலியை 'சாதாரணம்' என்றும் வைத்து ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது இன வித்தியாசமாகக்கூட இருக்கலாம். ஒரே ஈற்றில் கூடப்பிறந்தவைதான் சரியான துணை. பத்துத் தலைமுறை பி6க்குத் திரும்பத் திரும்ப இணைசேர்க்கலாம். 20 நாள் கர்ப்பம், ஆறு முதல் எட்டு வாரத்தில் பருவம் என்று பார்த்தால் அதற்கே இரண்டு வருடத்துக்கு மேல் போய்விடும். இப்போது மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் கருவியை வைத்து வேண்டிய இனத்தின் கருமுட்டையிலேயே நேரடியாக வெட்ட முடிவதால் இந்தக் கொடுமை குறைந்திருக்கிறது. முதலில் பிறக்கும் குட்டியின் செல்கள் கலவையாக இருக்கும் என்பதால் அதை வைத்து அளக்காமல் அடுத்த தலைமுறைகளுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

சுத்தமாக வைத்திருந்தாலும் எலி நழுவும். நோயெதிர்ப்புச் செல்களான டி செல்லும் பி செல்லும் இல்லாத ராக்1 நாக்அவுட் எலிக்கு ஆஞ்சியோடென்சின் செலுத்தினாலும் பிரஷர் சரியாக ஏறுவதில்லை என்று 2007இல் ஓர் ஆய்வு வந்து, நோயெதிர்ப்பையும் பிரஷரையும் இணைத்துப் பெரிய ஆராய்ச்சி அலையையே கிளப்பியது. பத்து வருடம் கழித்து அதே நாக்அவுட் எலியை வாங்கி அளந்த வேறு குழுவுக்கு அந்த எதிர்ப்பைக் காணோம். சாதாரண எலிபோலவே ஏறியது. பெயர்ப் பலகை அதே, எலி அதே இல்லை.

அளப்பதில்தான் இருக்கிறது

நான் முதன்முதலாக வால் பட்டையில் பிரஷர் எடுத்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எலியை ஒரு குழாய்க்குள் தள்ளி, மூக்கும் வாலும் மட்டும் வெளியே தெரிய அடைத்து, வெதுவெதுப்பான தட்டின் மேல் வைத்து, வாலில் மோதிரம் போலப் பட்டை மாட்ட வேண்டும். வால் சூடானால்தான் ரத்த ஓட்டம் கிடைக்கும். எலி அடங்காமல் திரும்பிப் படுக்கும். குழாய்க்குள்ளேயே சிறுநீர் கழிக்கும். இதயம் நிமிடத்துக்கு 700ஐத் தொடும். இருபது அளவீட்டில் எட்டு தேறினால் அதிர்ஷ்டம். ஒரு வாரம் தினமும் அதே நேரத்தில் பழக்கிய பிறகு எண்கள் கொஞ்சம் அடங்கின. அப்போதும் நான் அளந்தது, பகலில் தூங்க வேண்டிய ஒரு பிராணியைப் பயமுறுத்தி எழுப்பிய பிரஷரைத்தான்.

டெலிமெட்ரி வேறு உலகம். கழுத்துத் தமனிக்குள் மெல்லிய குழாயைச் செருகி, அதோடு இணைந்த சின்ன டிரான்ஸ்மிட்டரை விலாப்புறத் தோலுக்கடியில் பதித்துவிடுவார்கள். காயம் ஆறப் பத்து நாள் விட்டால் போதும். அப்புறம் எலி தன் கூண்டில் ஓடும்போதும் தூங்கும்போதும் ஒவ்வொரு துடிப்பின் பிரஷரும் ரேடியோவில் வந்துகொண்டே இருக்கும். விளக்கு அணைந்ததும் பிரஷர் எழும்புவதும், விடிந்ததும் இறங்குவதும் அலை அலையாகத் திரையில் தெரியும்போது வால் பட்டையில் கழித்த மாதங்களை நினைத்து வயிறு எரியும். ஆனால் கருவி ஒன்றரை கிராம் என்று வைத்தால்கூட, 60 கிலோ ஆள் மூன்றரை கிலோவை உடம்புக்குள் சுமப்பதற்குச் சமம். சின்ன எலிகளும் இளம் பெண் எலிகளும் தாங்காது. அறுவைச் சிகிச்சை செய்யப் பழகும் காலத்தில் சில எலிகளை இழக்கவும் வேண்டியிருக்கும். விலையும் பயமுறுத்தும்.

மரபணு மாற்றத்தால் 25, 30 மி.மீ. ஏறும் என்றால் வால் பட்டை போதும். எட்டோ பத்தோ என்றால் டெலிமெட்ரி இல்லாமல் இறங்காதீர்கள். மேலே சொன்ன 25 எலிக்கும் ஏழு எலிக்கும் இடையிலான வித்தியாசம் இதில்தான் அடைபடுகிறது. டெலிமெட்ரிக் கருவியின் விலையை அந்தப் பதினெட்டு எலிகளின் வளர்ப்புச் செலவோடு வைத்துப் பார்த்தால் அவ்வளவு அநியாயமாகத் தெரியாது.

மாணவியின் கேள்விக்கு வருவோம். மரபணு வேலை செய்வது சிறுநீரகக் குழலில். கொள்கைப்படி க்ரீ-லாக்ஸ்தான் சரி. ஆனால் அந்த மரபணுவுக்கு லாக்ஸ் எலி எங்கும் தயாராக இல்லை. செய்து, பெருக்கி, க்ரீயோடு சேர்க்கவே மூன்றில் ஒன்றரை வருடம் போய்விடும். முழு நாக்அவுட்டோ, பி6 இனத்திலேயே கிரிஸ்பர் வைத்துச் செய்தது, உறைந்த விந்தாகக் கிடைத்தது. அதைத்தான் எடுக்கச் சொன்னேன். ஒற்றைப் பிரதி எலிகளை 'நடுவில் கிடப்பவை' என்று ஒதுக்காமல் அவற்றையும் ஒரு முழுக் குழுவாக வைக்கச் சொன்னேன். சாதாரண உப்பு, அதிக உப்பு என இரண்டு தீனி. ஆணும் பெண்ணும் தனித்தனியாக. முதல் தொகுதியை வால் பட்டையில் பார்த்துவிட்டு, எத்தனை மி.மீ. வித்தியாசம் என்று தெரிந்ததும் டெலிமெட்ரிக் கருவி எத்தனை வேண்டும் என்று முடிவு செய்யலாம் என்பது திட்டம்.

போன வாரம் போன் செய்தாள். ஒற்றைப் பிரதி ஆணையும் பெண்ணையும் சேர்த்து மூன்று ஈற்றில் 22 குட்டி. ஐந்தோ ஆறோ முழு நாக்அவுட் இருந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. 14 ஒற்றைப் பிரதி, 8 சாதாரணம். கருவிலேயே போய்விடுகின்றனவா என்று பார்க்க ஒரு தாயைப் பிரசவத்துக்கு முன்பே திறந்து பார்க்கப் போகிறாள். வால் பட்டையைத் தாண்டி நேராக டெலிமெட்ரிக்கே போகலாமா என்று கேட்டாள். அந்தப் பதினான்கில் ஆண் எத்தனை என்று கேட்டேன். எண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.